மொட்டைப்பாறைக்குப் போன கூட்டம்

நடு மத்தியானத்திலும் வெயில் தரையைத் தொடாத ஒரு காட்டில், வானத்தை முட்டிக்கொண்டு ஒரு குங்கிலிய மரம் நின்றது. அதன் உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பொந்து. அந்தப் பொந்தில் வெண்ணி என்ற இருவாச்சிப் பறவை குடியிருந்தாள். அவள் கணவன் பெயர் செங்கான்.

இருவாச்சியைப் பார்த்திருக்கிறீர்களா பிள்ளைகளே? பருந்தைவிடப் பெரிய பறவை. வாழைப்பழம் போல வளைந்த மஞ்சள் அலகு. அது பறந்தால் இறக்கைச் சத்தம் அடுத்த மலைக்குக் கேட்கும்.

அவை குடும்பம் நடத்தும் முறையே தனி. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். புருஷன் மண் கொண்டுவந்து கொடுப்பான். அவள் உள்ளிருந்தபடியே வாசலைப் பூசி அடைத்துவிடுவாள். அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் விடுவாள். அப்புறம் மூன்று மாதம் அவளுக்கு வெளியுலகம் அந்த இடுக்குதான். அவள் இறக்கையில் இருக்கும் இறகெல்லாம் உள்ளேயே உதிர்ந்துவிடும். புதிதாக முளைக்கும்வரை அவளால் பறக்க முடியாது. அவளுக்கும் குஞ்சுக்கும் அவன் கொண்டுவந்து ஊட்டுவதுதான் சாப்பாடு.

காலம் வருவதற்கு முன்னால் அவள் அந்தச் சுவரை இடித்துவிட்டால், அந்தக் காட்டில் அதற்குப் பெயர் பிரிவு. அப்புறம் அவன் யாரோ, அவள் யாரோ. குஞ்சின் பாடுதான் திண்டாட்டம்.

வெண்ணிக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. செங்கான் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை வருவான். ஆலம்பழம், அத்திப்பழம், எது பழுத்திருக்கிறதோ அதைத் தொண்டை நிறைய அடக்கிக்கொண்டு வருவான். எதிரில் இருக்கும் கொப்பில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக மேலே வரவழைத்து, இடுக்கில் நீட்டுவான்.

"சாப்பிட்டியா?" என்பான்.

"இப்பதானே குடுக்கறீங்க. அதுக்குள்ள என்ன கேள்வி?" என்பாள் வெண்ணி.

"குஞ்சு?"

"உங்களை மாதிரியேதான். வாயைத் திறந்தா மூடறதில்லை."

இவ்வளவுதான் அவர்கள் பேச்சு. அவன் போய்விடுவான். வெண்ணி அதையே மென்றுகொண்டு அடுத்த தடவைக்குக் காத்திருப்பாள்.

அந்தக் காட்டில் ஒரு கரிச்சான் குருவியும் இருந்தது. யார் குரலைக் கேட்டாலும் அச்சுப் பிசகாமல் அப்படியே திருப்பிச் சொல்லும். மானைப் போல மான் பேசாது, கரிச்சான் பேசும். விடிந்ததும் அது ஓர் உயரமான மரத்தின் உச்சியில் உட்கார்ந்துகொள்ளும். முதல் நாள் யார் யார் என்னென்ன பேசினார்கள் என்று அவரவர் குரலிலேயே எடுத்துவிடும். காடே வேலையை விட்டுவிட்டுக் கேட்கும்.

ஒரு நாள் கரிச்சான் இருவாச்சிகளின் பேச்சை எடுத்துவிட்டது. "சாப்பிட்டியா?" என்றது செங்கான் குரலில். "அதுக்குள்ள என்ன கேள்வி?" என்றது வெண்ணி குரலில்.

காடு சொக்கிப்போனது.

"கேட்டீங்களா? புருஷன்னா இப்படி இருக்கணும்," என்று ஒரு பெண் மந்தி தன் புருஷன் கருமந்தியின் முதுகில் தட்டியது.

"நீ மூணு மாசம் பொந்துக்குள்ள இருக்கேன்னு சொல்லு. நானும் குடுக்கறேன்," என்றது கருமந்தி, முதுகைச் சொறிந்துகொண்டே.

மறுநாள் நான்கைந்து பேர் மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். அதற்கு மறுநாள் இருபது பேர். மந்திகள், மைனாக்கள், மலை அணில்கள் என்று நாற்பது பேருக்குக் குறையாமல் தினமும் கூடினார்கள். செங்கான் பழம் நீட்டினால் "ஆஹா" என்றார்கள். வெண்ணி வாங்கினால் "அடடா" என்றார்கள்.

முதலில் செங்கானுக்குக் கூச்சமாக இருந்தது. நாலாம் நாள் கூச்சம் போனது. ஐந்தாம் நாள், கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது, "ஏன் இன்னைக்கு யாரும் வரல?" என்று வெண்ணியிடமே கேட்டான்.

அப்புறம் அவன் வரும் விதமே மாறிவிட்டது. இருவாச்சிக்கு வாலடியில் ஒரு மஞ்சள் எண்ணெய் சுரக்கும். அதை அலகில் தடவித் தடவிப் பளபளவென்று ஆக்கிக்கொள்வதிலேயே பாதிக் காலை போய்விடும். எட்டுத் தடவை வந்தவன் மூன்று தடவை வந்தான். வந்தாலும் பழத்தை உடனே கொடுக்க மாட்டான். அலகை உயர்த்திப் பிடிப்பான். இந்தப் பக்கம் திரும்புவான், அந்தப் பக்கம் திரும்புவான். அதற்குப் பிறகுதான் இடுக்கில் நீட்டுவான்.

ஒரு நாள் வெண்ணி பழத்தை வாய்க்குள் வாங்கிவிட்டாள். கீழேயிருந்து கருமந்தி கத்தியது.

"அண்ணே, நான் பார்க்கல. முன்னாடி ஒரு வால் மறைச்சிடுச்சு. இன்னொரு தடவை குடு."

செங்கான் இடுக்கில் அலகை விட்டு, வெண்ணியின் வாயில் இருந்த பழத்தைத் திரும்ப எடுத்தான்.

"என்னங்க இது? குஞ்சு பசியில கத்துது," என்றாள் வெண்ணி மெல்ல.

"சும்மா இரு புள்ள. பார்க்கறாங்க," என்றான் செங்கான்.

அதே பழத்தை அவள் அன்று மூன்று தடவை வாங்கினாள். மூன்றாவது தடவை அது நசுங்கியிருந்தது.

அவன் போன பிறகு கரிச்சான் வந்து இடுக்கின் ஓரத்தில் உட்கார்ந்தது.

"என்ன மதினி, முகம் வாடியிருக்கு? நான் உங்க கொழுந்தன் மாதிரி. மனசுல இருக்கறதைச் சொல்லுங்க."

இருட்டுப் பொந்துக்குள் பேச ஆள் இல்லாமல் இருந்தவள் வெண்ணி. கேட்க ஒரு காது கிடைத்ததும் கொட்டிவிட்டாள்.

"அவருக்கு இப்ப எங்களைவிடக் கூட்டம்தான் பெருசு. இதுக்கு நான் தனியாவே இருந்திருக்கலாம். ஏதோ கோவத்துல சொல்றேன் தம்பி. அவர் நல்லவர்தான். வெளிய சொல்லிடாத."

"நானா? சொல்வேனா?" என்றது கரிச்சான்.

விடிந்ததும் காடு முழுக்க வெண்ணியின் குரல் கேட்டது. "அவருக்கு இப்ப எங்களைவிடக் கூட்டம்தான் பெருசு. இதுக்கு நான் தனியாவே இருந்திருக்கலாம்." அதோடு கரிச்சான் வாயை மூடிக்கொண்டது. மிச்சத்தை அது சொல்லவில்லை.

பொந்துக்குள் இருந்த வெண்ணி, தன் குரலே எங்கிருந்தோ வருவதைக் கேட்டு, இடுக்கில் கண்ணை வைத்துத் தேடினாள்.

செங்கான் அப்போது ஓர் அத்தி மரத்தில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தான். சுற்றி இருந்த பறவைகள் எல்லாம் அவனையே பார்த்தன. கரிச்சான் நேராக அங்கே போனது.

"அண்ணே, மதினி இப்படிச் சொல்லிட்டாங்களே. நீங்க என்ன சொல்றீங்க?"

அத்தனை பேர் முன்னால் செங்கானுக்கு மானம் போனது போல இருந்தது. "தனியா இருக்கணும்னா இருந்து பார்க்கட்டுமே," என்றான்.

அடுத்த நிமிஷம் அந்தப் பேச்சும் அவன் குரலிலேயே வெண்ணியின் காதுக்கு வந்துவிட்டது.

'வரட்டும், நேரில் கேட்டுக்கொள்கிறேன்' என்று அவள் காத்திருந்தாள். அன்று அவன் வரவில்லை.

கூட்டம்தான் வந்தது. முன்பு நாற்பது என்றால் இப்போது நானூறு. காட்டின் அந்தக் கோடியில் இருந்தவர்கள்கூடக் குட்டிகளை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்பு பழம் ஊட்டுவதைப் பார்க்க வந்தார்கள். இப்போது சுவர் இடிவதைப் பார்க்க வந்தார்கள்.

"இன்னைக்கு இடிச்சிடுவா," என்றது ஒரு மலை அணில்.

"நாளைக்குத்தான். அவ கொஞ்சம் யோசிக்கிற ஆளு," என்றது இன்னொன்று.

மைனாக்கள் வெண்ணியின் பக்கம். "இடிச்சிட்டு வாங்க அக்கா. நாங்க இருக்கோம்," என்று இடுக்கில் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போயின. ஒன்றுகூட ஒரு பழம் கொண்டுவரவில்லை. மந்திகள் செங்கானின் பக்கம். இரண்டு கட்சியும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டன. வெயிலில் காய்ந்த மண் துண்டு ஒன்று சுவரிலிருந்து தானாக உதிர்ந்து கீழே விழுந்தது. "ஆரம்பிச்சுட்டா, ஆரம்பிச்சுட்டா" என்று மரம் முழுக்க ஒரே ஆரவாரம்.

வெண்ணி குஞ்சை இறக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். காலையில் கத்திக்கொண்டிருந்த குஞ்சு, மாலையில் முனகிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் வெயில் ஏறிய நேரம். தூரத்தில் ஒரு சத்தம். காற்றைத் துணி போலக் கிழித்துக்கொண்டு வரும் சத்தம். வெண்ணிக்கு அதைத் தெரியாதா? செங்கானின் இறக்கைச் சத்தம். நெருங்கி வந்தது. இன்னும் நெருங்கி வந்தது. அதற்குள் கூட்டம் அவனைப் பார்த்துவிட்டது.

"வர்றான், வர்றான். எல்லாரும் பாருங்க."

"ஏன் இத்தனை நேரம்? எங்க போயிருந்தீங்கன்னு கேளு."

கூச்சலில் கொப்பெல்லாம் ஆடியது. இறக்கைச் சத்தம் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. அப்புறம் திரும்பி, தேய்ந்து தேய்ந்து, இல்லாமல் போனது.

கரிச்சான் இடுக்குக்கு வந்தது. "அண்ணன் இன்னைக்கும் வரல மதினி. இதைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?"

வெண்ணி குஞ்சின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் அதே சத்தம் வந்தது, திரும்பிப் போனது. மூன்றாம் நாள் காலையிலும் வந்தது, திரும்பிப் போனது.

வெண்ணி இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். செங்கான் வழக்கமாக உட்காரும் கொப்பு நேர் எதிரில் தெரிந்தது. அதில் கருமந்தியும் அதன் இரண்டு மச்சான்களும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் வராமல் இல்லை. வந்து வந்துதான் போகிறார். வருவாரா மாட்டாரா என்று பார்க்க வந்தவர்கள், அவர் வந்து உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அண்ணே, அந்தக் கொப்பை விட்டுக் கொஞ்சம் இறங்கிக்கோங்களேன்," என்று கேட்டுப் பார்த்தாள்.

"எப்படிம்மா இறங்கறது? மூணு நாளா பிடிச்சு வெச்சிருக்கேன். இறங்கினா அந்த அணில் வந்து உட்கார்ந்துக்கும்," என்றது கருமந்தி. "நீ எப்ப இடிக்கறேன்னு மட்டும் சொல்லு. நான் ஒரு எட்டு போய்த் தண்ணி குடிச்சிட்டு வரணும்."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குஞ்சின் முனகலும் நின்றுவிட்டது. அது வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. இன்று மத்தியானத்துக்குள் பழம் வரவில்லை என்றால், அப்புறம் பழம் வந்தாலும் அது விழுங்காது.

வெண்ணி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "தம்பி கரிச்சான், இங்க வா," என்று கூப்பிட்டாள்.

மூன்று நாளாகத் தன்னிடம் வாயே திறக்காதவள் கூப்பிட்டதும் கரிச்சான் ஒரே தாவாகத் தாவி வந்தது.

"எல்லாருக்கும் சொல்லிடு," என்றாள் வெண்ணி. "இன்னைக்கு உச்சி வெயிலுக்கு நான் மொட்டைப்பாறைக்குப் பறந்து வரேன். அவரோட வாழறதா வேண்டாமான்னு அங்க வெச்சு என் வாயால சொல்றேன்."

"இங்கேயே சொல்லலாமே மதினி?"

"இங்க சொன்னா கிட்ட இருக்கற நாலு பேருக்குத்தான் கேக்கும். அங்கன்னா எல்லாருமே உட்கார்ந்து கேக்கலாம் இல்ல?"

கரிச்சானுக்கு இறகெல்லாம் சிலிர்த்தது. "வேற யார்கிட்டயும் சொல்லலியே? முதல்ல எனக்குத்தானே?"

"உனக்குத்தான். பறந்து வரேன்னு சொல்லு. மறந்துடாத."

கரிச்சான் மறக்குமா? மரத்துக்கு மரம் உட்கார்ந்து வெண்ணியின் குரலில் எடுத்துவிட்டது. "மொட்டைப்பாறைக்குப் பறந்து வரேன். வாழறதா வேண்டாமான்னு என் வாயால சொல்றேன்."

கேட்ட மாத்திரத்தில் கூட்டம் கலைந்து ஓடியது. மொட்டைப்பாறை இரண்டு மலை தள்ளி இருந்தது. முன்னால் போனவருக்கு முன்வரிசை. மந்திகள் கொப்புக்குக் கொப்பு தாவின. அணில்கள் ஒன்றின் வாலை ஒன்று மிதித்துக்கொண்டு ஓடின. கருமந்தி தண்ணீர் குடிப்பதையும் மறந்துவிட்டுப் போனது.

மூன்று நாளும் கண் கொட்டாமல் அந்தப் பொந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட, உள்ளே இருப்பவளுக்குப் பறக்க இறகு இல்லை என்பது தெரியவில்லை.

மரத்தில் சத்தம் அடங்கியது. எங்கோ ஒரு சிள்வண்டு மட்டும் கத்தியது. எதிர்க் கொப்பு காலியாகக் கிடந்தது.

இப்போதுதான் வெண்ணிக்குப் பயம் வந்தது. கரிச்சான் சொன்னது செங்கானுக்கும் கேட்டிருக்கும். கூட்டத்தோடு சேர்ந்து அவனும் அதை நம்பிவிட்டால்? அலகுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு பாறைக்குப் போய்விட்டால்? உள்ளே தான் எப்படி இருக்கிறோம் என்பதை அவனுமே மறந்துவிட்டிருந்தால்?

அவள் அலகைச் சுவரில் வைத்துப் பார்த்தாள். காய்ந்த மண். நாலு கொத்துக் கொத்தினால் போதும். வெளியே வந்து, மரத்தைப் பிடித்துப் பிடித்து இறங்கி, தரையில் நடந்தாவது குஞ்சுக்கு ஏதாவது தேடலாம். கீழே நரி இருக்கும். இருந்தாலும் வேறு என்ன செய்வது?

ஒரு கொத்துக் கொத்தினாள். மண் பொடிந்தது.

இரண்டாவது கொத்துக்கு அலகை ஓங்கியபோது அந்தச் சத்தம் கேட்டது.

இந்தத் தடவை அது சுற்றவில்லை. நேராக வந்து எதிர்க் கொப்பில் இறங்கியது. செங்கானின் அலகில் மினுமினுப்பே இல்லை. மண்ணும் பழச் சாறும் ஒட்டி அழுக்காக இருந்தது. தொண்டையிலிருந்து ஒரு பழத்தை வரவழைத்து நீட்டினான். வெண்ணி வாங்கி நசுக்கி, சாற்றைக் குஞ்சின் வாயில் விட்டாள். முதலில் அது வழிந்துவிட்டது. இரண்டாவது தடவை குஞ்சு விழுங்கியது. அடுத்த பழம். அதற்கு அடுத்த பழம். ஐந்தாவதை அவள் தின்றாள்.

"பறந்து வரேன்னு கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு," என்றான் செங்கான். "மொட்டை இறக்கையை வெச்சுக்கிட்டு நீ எங்க பறக்கறது?"

"நீங்களும் பாறைக்குப் போயிடுவீங்களோன்னு பயந்தேன்."

"போயிருந்தா?"

"சுவரைப் பாருங்க."

செங்கான் பார்த்தான். பொடிந்த மண்ணை அலகால் தொட்டுப் பார்த்தான். "தனியாவே இருந்திருக்கலாம்னு சொன்னியா? இல்ல, கரிச்சான் கட்டிவிட்டதா?" என்று கேட்டான்.

"நான்தான் சொன்னேன். கோவத்துல சொல்றேன், அவர் நல்லவர்னும் சொன்னேன். அதை அது விட்டுடுச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே புள்ள."

"எப்ப சொல்றது? வரும்போதெல்லாம் நாப்பது பேரோட வந்தீங்க. நானும் வாயைக் கட்டிக்கிட்டு இருந்திருக்கணும். கேக்கறதுக்கு ஒருத்தன் வந்தான்னு சொல்லிட்டேன். அது என் தப்பு."

செங்கான் தலையைக் குனிந்துகொண்டான். "நானும் ஒண்ணு சொன்னேன். இருந்து பார்க்கட்டுமேன்னு."

"கேட்டேன்."

"அதுல கரிச்சான் எதையும் விடல. நான் சொன்னது மொத்தமே அவ்வளவுதான்."

வெண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. "சரி விடுங்க. இன்னொரு பழம் இருக்கா?"

அவன் நீட்டினான். யாரும் "ஆஹா" என்று சொல்லவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு கரிச்சான் மூச்சு வாங்கப் பறந்து வந்தது.

"என்ன மதினி, காடே காத்துக்கிட்டு இருக்கு. பாறை கொதிக்குது. என் பேரு என்ன ஆகறது?" என்று கத்திக்கொண்டே வந்தது, செங்கானைப் பார்த்ததும் நின்றுவிட்டது. உடனே குரலை மாற்றிக்கொண்டது. "அட, சேர்ந்துட்டீங்களா? எப்படிச் சேர்ந்தீங்க? யார் முதல்ல இறங்கி வந்தது? ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணே, போதும்."

செங்கானுக்குப் பழைய பழக்கம். பதில் சொல்ல வாயைத் திறந்தான். இடுக்கிலிருந்து வெண்ணியின் அலகு வெளியே வந்து அவன் அலகை லேசாகத் தட்டியது. அவன் வாயை மூடிக்கொண்டான். அடுத்த நடைக்குப் பழம் தேடிப் பறந்து போனான்.

கரிச்சான் வெண்ணியிடம் கேட்டுப் பார்த்தது. அவள் உடைந்த இடத்தைச் செங்கான் கொண்டுவந்து கொடுத்த மண்ணை வைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலில் கொப்புளத்தோடு சிலர் மொட்டைப்பாறையிலிருந்து திரும்பி வந்து மரத்தடியில் உட்கார்ந்தார்கள். செங்கான் வந்தான், கொடுத்தான், போனான். திரும்பி வந்தான், கொடுத்தான், போனான். அலகை உயர்த்தவும் இல்லை, எந்தப் பக்கமும் திரும்பவும் இல்லை. "இன்னொரு தடவை குடு அண்ணே" என்று யாரோ கேட்டது அவன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

கருமந்தி ஒரு பொழுது முழுக்க அண்ணாந்து பார்த்தது. கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

"சண்டையும் இல்லை, பிரிவும் இல்லை. இங்க பார்க்க ஒண்ணுமே இல்லையேப்பா," என்று சொல்லிவிட்டு, மச்சான்களைக் கூட்டிக்கொண்டு நடையைக் கட்டியது.

சுவருக்குள்ளே குஞ்சு அன்றைய எட்டாவது நடைப் பழத்துக்கு வாயைத் திறந்தது.

நீதி: இருவர் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டியதை ஊரிடம் சொன்னால், ஊர் வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும்.